மேல்வானக் காற்றை அளந்தவர்

திருவண்ணாமலை
8 ஜூன் 2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு அத்தை வேதா எழுதிக்கொண்டது.

நானும் தனமும் மாடி அறைகளும் இங்கே சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் விட்டதா? இங்கே வெயில் மலையை வறுத்து எடுக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் சீசன் முடிந்துவிட்டது, ஆள் கம்மி. மாடியில் ஒரே ஒரு பிரெஞ்சுக்காரம்மாதான். மௌனவிரதமாம். வாயைத் திறக்காது, ஆனால் கொசு, தண்ணீர், ஃபேன் சத்தம் என்று சீட்டு சீட்டாக எழுதிக் கதவிடுக்கில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. "பேசறவங்களே தேவலாம்க்கா" என்கிறாள் மாடி கூட்டப் போகிற தனம்.

இந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கடிதமா என்று தபாலாபீசில் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முதலில் நீதான் பேசுவாய். "அத்தை, சாப்ட்டீங்களா? இருங்க, அவர்கிட்ட தர்றேன்" என்பாய். அப்புறம் கலை வருவான். என் பிள்ளை பனியில் சைக்கிளோடு விழுந்து நம்மை விட்டுப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் உன் குரலைக் கேட்டால் என் காது அடுத்த குரலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். நீ கோபித்துக்கொள்ளாமல் எழுதுகிறாய். நீ நல்லா இருக்கணும்.

விஷயத்துக்கு வருகிறேன். கலை படித்த பள்ளிக்கூடத்தில் புது ஆய்வுக்கூடம் கட்டி, அதற்கு அவன் பெயரையே வைக்கப் போகிறார்கள்! தலைமையாசிரியர் அருணகிரி சார் வீடு தேடி வந்து சொன்னார். வாசலில் கருங்கல் பதித்து, அவன் யார், என்ன செய்தான் என்று நாலு வரி வெட்ட வேண்டுமாம். "வானத்துல அலையைக் கண்டுபுடிச்சவர்னு பெரிய எழுத்துல போட்டுடலாம்மா" என்றார். கூடத்தில் நான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பேப்பர் செய்தியை நின்று படித்தார். 'திருவண்ணாமலை இளைஞர் கண்டுபிடித்த வானத்து அலை.' பக்கத்தில் கலை சிரிக்கிற படம். அதைப் படிக்காமல் எந்த வாடகைக்காரரையும் நான் மாடி ஏற விட்டதில்லை, உனக்குத் தெரியுமே.

நீயும் அதே ஆபீஸ், அதே வேலை. சரியான வார்த்தையில் நாலு வரி எழுதி அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை
வேதா


மியூனிக்
29 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு, கீர்த்தனாவின் வணக்கம்.

நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது தனம் அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா?

பள்ளிச் செய்தி படித்து மனம் நிறைந்தது.

எனக்கு வேலை மூச்சு முட்டுகிறது. இந்த வருஷம் சூரியன் சும்மா இல்லை. அது சீறும்போதெல்லாம் மேல்வானக் காற்று சூடாகி உப்புகிறது. எங்கள் செயற்கைக்கோள் ஓடுகிற உயரத்தில் காற்று இருக்கிறது என்றாலே யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு கம்மி. ஆனாலும் அது உரசி உரசிச் செயற்கைக்கோளைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த உரசலை அளந்துதான் அங்கே காற்று எவ்வளவு அடர்த்தி என்று சொல்கிறோம். காற்று உப்பினால் உரசல் ஜாஸ்தி. எங்களுக்குக் கவலையும் ஜாஸ்தி. பாட்டரி வேறு கிழடாகிவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அளக்கிற கருவிக்குப் பக்கத்தில் இருந்த ஹீட்டரை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து கணக்கையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லுக்கான வரிகளை யோசித்து எழுதுகிறேன். அவசரம் இல்லையே?

அன்புடன்
கீர்த்தனா


திருவண்ணாமலை
20 ஜூலை 2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு அத்தையின் ஆசி.

என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தனத்தின் முட்டியில் நன்றாக வேலை செய்கிறது.

அவசரம் இல்லையே என்று கேட்கிறாய். கல் வந்து பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிடக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறக்கிறார்கள்.

உரசலை அளப்பது என்று எழுதியிருந்தாயே, அதை எனக்குக் கலை சொல்லிக்கொடுத்தது செங்கம் பஸ்ஸில். நின்றுகொண்டு போனோம். டிரைவர் பிரேக் போட்டதும் நான் முன்னால் விழப்பார்த்துக் கம்பியைப் பிடித்தேன். உடனே இவன், "அம்மா, அப்படியே நில்லு. உன் கை கம்பியை எவ்ளோ அழுத்திப் புடிக்குதோ, அதை வச்சே பிரேக் எவ்ளோன்னு சொல்லிடலாம். எங்க பெட்டிக்குள்ள ஒரு சின்ன உலோகக் கட்டி இருக்குது. காத்து வெளியில பிரேக் போட்டா அதுவும் உன்னை மாதிரியே முன்னால போவப் பாக்கும். போவ வுடாம மின்சாரத்தால புடிச்சி வச்சிருக்கோம். அந்தப் புடியைத்தான் அளக்கறோம்" என்றான். கண்டக்டர் வந்து, "மொதல்ல டிக்கெட்டை வாங்கு, அப்புறம் பாடம் நடத்து" என்றதும் பஸ்ஸே சிரித்தது. எனக்கும் வெட்கம்தான். ஆனால் உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா!

அவன் கண்டுபிடித்த அலை எப்படி இருக்கிறது? இன்னும் தினமும் வருகிறதா? அடுத்த கடிதத்தில் எழுது. நாலு வரியும் வரட்டும்.

உன் அத்தை
வேதா


மியூனிக்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை. நீங்கள் மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள். கல்லுக்கான வரிகள் கீழே:

'கலையரசன். இப்பள்ளியில் பயின்றவர். ஜெர்மனியில் விண்வெளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். இவ்வூரின் அன்பு மகன்.'

பஸ் கதையை இரண்டு முறை படித்தேன். அவர் என்னிடம் சொன்னபோது கண்டக்டரை மட்டும் விட்டுவிட்டார்.

அன்புடன்
கீர்த்தனா


திருவண்ணாமலை
31 ஆகஸ்ட் 2025

கீர்த்தனாவுக்கு அத்தை எழுதுவது.

சளி போனதா? மிளகு ரசம் வை. சோம்பல் படாதே.

நாலு வரி கேட்டேன், எண்ணி நாலு வரி அனுப்பிவிட்டாய். இதை அங்கே ஃபைல் தூக்கினவருக்கும் வெட்டலாம். அருணகிரி சார் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "அலை எங்கம்மா?" என்றார். அலை எப்படி இருக்கிறது என்று உன்னை வாய்விட்டுக் கேட்டேன். கண்டக்டரைப் பற்றி எழுதினாய், அலையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நீ எதையோ மறைக்கிறாய். நானே யோசித்துப் பார்த்தேன். மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாயா? அதனால்தான் அவன் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் பயப்படாமல் சொல்லு. எனக்கு வருத்தமே இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் உட்கார்ந்து அழுவேன். மறுநாள் என்ன பேர், எந்த ஊர், தோசை சாப்பிடுவாரா என்று கேட்டு எழுதுவேன். நீ தனியாக அந்தக் குளிரில் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

எதுவானாலும் நேராகச் சொல்லு. சுற்றி வளைத்தால் எனக்குப் பிடிக்காது.

வேதா


மியூனிக்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

கல்யாணம் இல்லை அத்தை. அப்படி ஒன்று வந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன். நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நான் மறைத்தது வேறு.

அவர் கண்டுபிடித்த அலை இல்லை. அது எப்போதுமே இருந்ததில்லை.

செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் குளிரும். குளிர்ந்தால் ஹீட்டர் தானாக எரியும். அந்தச் சூடு பட்டால் கருவி காட்டுகிற அளவு கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தை அவர் காற்று என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் இரவுப் பக்கத்தில் காற்று தடித்து ஓர் அலையாக எழுகிறது என்று எழுதினார். எல்லாரும் நம்பினோம். பேப்பர்காரர்களும் வந்தார்கள். இப்போது ஹீட்டரை நிறுத்தினார்கள், அன்றே அலையும் நின்றுவிட்டது. பழைய அளவுகளை எடுத்துப் பார்த்தேன். ஹீட்டர் எரிந்தபோதெல்லாம்தான் அலை வந்திருக்கிறது.

இது இன்னும் என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் கொஞ்ச காலம் இப்படியே ஓடும். ஆனால் அந்த அலையையும் கணக்கில் சேர்த்துத்தான் மற்ற செயற்கைக்கோள்கள் எங்கே போகும், ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்கிறார்கள். எங்கள் அறையில் இனேஸ் என்று ஒரு போர்ச்சுகல் பெண் இருக்கிறாள். அந்த அலை ஏன் எழுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

சொன்னால், உங்கள் பிள்ளை தப்பு என்று உலகத்துக்கு அறிவிக்கிறவள் அவர் மனைவியாகவே இருப்பேன். நீங்கள் தினமும் துடைக்கிற கண்ணாடியை நானே உடைத்த மாதிரி ஆகும். அதனால்தான் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. பொய்யான வார்த்தையைக் கல்லில் வெட்டச் சொல்லவும் மனம் வரவில்லை.

நீங்கள் வேண்டாம் என்றால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்.

கீர்த்தனா


மியூனிக்
26 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

தீபாவளி எப்படிப் போயிற்று? உடம்பு நன்றாக இருக்கிறதா? உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். நான்கைந்து தரம் போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றதை மீற மனம் வரவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். இங்கே இன்னும் யாரிடமும் நான் சொல்லவில்லை.

கீர்த்தனா


திருவண்ணாமலை
29 அக்டோபர் 2025

கீர்த்தனாம்மாவுக்கு தனம் வணக்கம் சொல்லி எழுதறது. நல்லா இருக்கீங்களா. அக்காவுக்குத் தெரியாம எழுதறேன், காட்டிக் குடுத்துடாதீங்க.

உங்க லெட்டர் வந்ததுல இருந்து அக்கா சரியா இல்ல. பத்து பதினைஞ்சு நாளு யார்கிட்டயும் பேச்சே இல்ல. மாடியில இருக்கிற மௌனம்மாவே பயந்துபோயி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையான்னு எனக்குச் சீட்டு எழுதிக் குடுத்துது. கூடத்துல இருந்த பேப்பரைக் கழட்டி பீரோவுல வச்சிட்டாங்க. அப்புறம் தீபாவளி அன்னிக்குக் காலையில தம்பி படத்தையும் செவுத்துல இருந்து இறக்கி, மாலையைக் கழட்டிட்டு, உள்ள எடுத்துக்கினு போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ள ஒரே சத்தம். யாரையோ பாத்துக் கத்தறாங்க. நான் கதவைத் தட்டினேன், "போடி அந்தாண்ட" அப்படின்னாங்க.

லெட்டர்ல என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது. எதா இருந்தாலும் ஆறுதலா இன்னொண்ணு எழுதுங்க. எனக்கு பயமா இருக்குது.

தனம்


திருவண்ணாமலை
9 நவம்பர் 2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு அத்தை எழுதுவது.

நான் செத்துப்போகவில்லை. தனம் உனக்குக் கடிதம் எழுதினது எனக்குத் தெரியும். ஸ்டாம்புக்கு என்னிடமே காசு வாங்கிக்கொண்டு போனால் தெரியாதா?

உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதம் படித்ததும் எனக்கு உன்மேல்தான் கோபம். பிள்ளை போய்விட்டான், எனக்கு மிச்சம் இருந்தது ஒரு பேப்பர் துண்டு. அதையும் வந்து பிடுங்குகிறாயே, பாவி என்று நினைத்தேன். ஹீட்டரை யார் நிறுத்தச் சொன்னது என்று உன் ஆபீசையே சபித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையாக வந்தது. அதனால் எழுதவில்லை.

தீபாவளி அன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனம் பக்கெட்டில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு எண்ணெய்ச்சட்டி பக்கம் போய்விட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம். நான் என்னை அறியாமல், "டேய் கலை, ஹீட்டரை நிறுத்துனியாடா?" என்று கத்தினேன்.

பழக்கம்தான். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து அவனுக்கு இதே வேலை. ராடைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் உலகம் மறந்துவிடும். இந்த வீட்டில் எத்தனை பிளாஸ்டிக் பக்கெட்டை உருக்கியிருக்கிறான் தெரியுமா? உனக்கு எங்கே சொல்லியிருப்பான். கண்டக்டரையே மறைத்தவன்!

கத்தின வாயை மூடவில்லை, உன் கடிதம் ஞாபகம் வந்தது. ஹீட்டர்! அங்கேயும் ஹீட்டர்! எழுந்து போய்ப் படத்தை இறக்கி, மாலையைக் கழற்றிக் கடாசி, நாற்காலியில் அவனை உட்கார வைத்துக் கேட்டேன். "ஏண்டா, ஊரு விட்டு ஊரு போயி அவ்ளோ படிச்சியே, பக்கத்துல ஹீட்டர் எரியுதான்னு ஒரு தடவை பாக்க மாட்டே? எத்தினி பக்கெட்டை உருக்கினே, புத்தி வந்துதா? இப்போ யார் மாட்டிக்கினு முழிக்கிறாங்க பாரு, அந்தப் பொண்ணு!" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினேன்.

கீர்த்தனா, செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று நம் பக்கம் ஒரு வழக்கம். அவன் போனதிலிருந்து நான் அவனை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வருகிறவர்கள் எல்லாம் புகழ்வார்கள், கூட நானும் புகழ்வேன். புகழப் புகழ அவன் எங்கேயோ போய்விட்டான். அந்தப் படத்தில் இருந்தது யாரோ பெரிய மனுஷன், எனக்கு அவனிடம் பேசவே வராது. அன்றைக்குத் திட்டத் திட்ட என் பிள்ளை வந்து எதிரே உட்கார்ந்துகொண்டான். தலையைச் சொறிந்துகொண்டு, "சரிம்மா, நிறுத்திட்டேம்மா" என்பானே, அந்த மூஞ்சி. இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவனை நான் பார்த்தேன். ஆசை தீர அழுதேன். அப்புறம் குளித்துவிட்டு, தனம் கருக்கி வைத்திருந்த வடையைத் தின்றேன்.

இப்போது உன் முறை, வாங்கிக்கொள். நான் வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாயே, அது என்ன பேச்சு? இல்லாத அலைக்கு அந்த இனேஸ் பெண் மூன்று வருஷமாகக் காரணம் தேடுகிறாள். அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள் இல்லையா? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளிடம் சொல்லு. திருத்தத்தை எழுது. ஆனால் அதில் உன் பெயருக்கு முன்னால் கலையின் பெயர் இருக்க வேண்டும். இருந்திருந்தால் அவனேதான் எழுதியிருப்பான். தப்பு பண்ணிவிட்டு மறைக்கிறவன் இல்லை அவன். உருகின பக்கெட்டை அவனாகவே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைப்பான்.

கல் விஷயம் நான் முடிவு செய்துவிட்டேன். 'மேல்வானக் காற்றை அளந்தவர்' என்று வெட்டச் சொன்னேன். "கண்டுபுடிச்சவர்னு இருந்தா எடுப்பா இருக்குமேம்மா" என்று அருணகிரி சார் இழுத்தார். "அளந்தான், அது நெசம். அது போதும் சார்" என்றேன்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அத்தை
வேதா


மியூனிக்
23 நவம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். வியாழக்கிழமை கடிதம் வந்தது, இன்று ஞாயிறு, உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் நின்றபடியே படித்தேன். பக்கெட் இருக்கிற இடத்தில் சிரித்தும் விட்டேன், அழுதும் விட்டேன். எதிர்வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து பார்த்தார்.

நீங்கள் சொன்னபடி முதலில் இனேஸிடம் சொன்னேன். அலறுவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கணக்கை எப்படிப் போட்டாலும் அலை வரவே இல்லையாம். தனக்குத்தான் மூளை இல்லை என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் கணக்கு முதலிலிருந்தே சரி அத்தை.

திருத்தத்தில் இறந்தவர் பெயரைப் போடலாமா என்று எங்கள் தலைவரைக் கேட்டேன். தாராளமாகப் போடலாம், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி வைப்பார்கள், அவ்வளவுதான் என்றார். இன்று முழுவதும் அதைத்தான் எழுதினேன். 'நாங்கள் தவறாகக் கருதினோம்' என்று எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அசடு வழிகிற மாதிரியே இருந்தது. நானும் நன்றாகத் திட்டினேன். ஹீட்டர் ஏற்றத்தைக் கழித்துவிட்டால் அவர் அளந்த மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. சூரியப் புயல் நாட்களில் எடுத்த அளவுகள் முன்னைவிடத் தெளிவாக இருக்கின்றன.

தனம் அக்காவைத் திட்டாதீர்கள்.

கீர்த்தனா


திருவண்ணாமலை
10 டிசம்பர் 2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு அத்தையின் ஆசி.

தீபம் முடிந்து கூட்டம் வடிந்தது. மாடி அறை எல்லாம் நிறைந்து, ஏறி இறங்கி என் முட்டி என்னைத் திட்டுகிறது. மௌனம்மா விரதத்தை முடித்துவிட்டது. இப்போது வாயை மூட மாட்டேன் என்கிறது.

கல்லைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் பேசச் சொன்னார்கள். பேப்பர் செய்தியையும் சொன்னேன், ஹீட்டரையும் சொன்னேன், பக்கெட்டையும் சொன்னேன். அருணகிரி சார் நெளிந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரித்ததற்குச் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பேப்பரை மறுபடி கூடத்தில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். திருத்தம் அச்சானதும் ஒன்று அனுப்பு. இனிமேல் மாடி ஏறுகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கடிதம் போதும் கீர்த்தனா. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. "அத்தை, சாப்ட்டீங்களா?" என்று கேள். அதோடு நிறுத்தாதே, மேலே பேசிக்கொண்டே இரு. உனக்கு அப்புறம் யாரும் வர மாட்டார்கள் என்று என் காதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீயே பேசு.

உன் அத்தை
வேதா